செவ்வாய் வெள்ளிகளில் மூன்று மில்லிமீட்டர்

புதினா வாசம். மேனாம்பேட்டில், மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் பல் மருத்துவர், என் கடைவாய்ப் பல்லுக்கு அச்சு எடுக்க ஒரு தட்டில் இளஞ்சிவப்புக் களிம்பைக் குழைத்துக்கொண்டிருந்தார். வாய்க்குள் வைப்பதற்கு முன்பே வாசம் வந்துவிட்டது. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். வலிக்கிறதா என்று கேட்டார். இன்னும் தொடவே இல்லை, எப்படி வலிக்கும்? ஆனாலும் தலையை ஆட்டினேன். ஆம் என்று ஆட்டினேனா, இல்லை என்று ஆட்டினேனா, அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

அந்தப் புதினாவுக்கு அடியில் இன்னொரு வாசத்தை என் மூக்கு தேடியது. ஈரக் கூந்தல், சீயக்காய், சாம்பிராணிப் புகை. பல் மருத்துவரிடம் அது எப்படி வரும்? வரவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது.

கதிர்வீச்சுப் பிரிவில் என் கடைசி வருடத்தில் சேர்ந்த நீங்கள் என்னிடம் அனுபவம் கேட்டீர்கள். கை நடுக்கம் வந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, தேநீர்த் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிறவனிடம் கேட்கிறீர்கள். பாடமாகத் திரட்டி உருட்டித் தர என்னிடம் எதுவும் இல்லை. ஒரு குழப்பம் இருக்கிறது. இருபத்தைந்து வருடமாகப் பையில் வைத்திருக்கிறேன், கிழிந்த பையில் சாவி வைத்திருப்பதுபோல, அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டு. அதை அப்படியே எடுத்து வைக்கிறேன். உங்களுக்குத் தெளிந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

இன்று உங்களுக்காக ஒரு கேமரா நோயாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. தலை நகர்ந்தால் கருவி தானே நின்றுவிடுகிறது. தொண்ணூறுகளின் நடுவில், பூந்தமல்லிக்குப் போகும் சாலையோரம், இப்போது இடித்துவிட்ட ஒரு சிறிய மருத்துவமனையில் எங்களிடம் இருந்தது ஒரு குச்சி.

மூளைக்குள் இருக்கும் கட்டியைக் கத்தியில்லாமல் கதிரால் சுட வேண்டுமென்றால் தலை அசையக் கூடாது. ஒரே நாளில் முடிகிற சிகிச்சை என்றால் மண்டை ஓட்டில் திருகு போட்டு ஒரு சட்டத்தை இறுக்குவார்கள். முடிந்ததும் கழற்றிவிடுவார்கள். ஆனால் சில கட்டிகள் கண் நரம்பின் மடியில் ஏறி உட்கார்ந்திருக்கும். மொத்தக் கதிரையும் ஒரே நாளில் கொடுத்தால் கட்டியோடு நரம்பும் போய்விடும். பிரித்துப் பிரித்துக் கொடுக்க வேண்டும், திங்கள் முதல் வெள்ளி வரை, வாரக்கணக்கில். தினமும் ஒருவர் மண்டையில் திருகு போட முடியுமா? அதற்காகத்தான் பல் பிரேம்.

மேல்வரிசைப் பல்லுக்கு ஓர் அச்சு. பின்மண்டைக்கு ஓர் அச்சு, மாவாகப் பிசைந்து வைத்தால் கல்லாக இறுகிவிடும் மெத்தை. இரண்டையும் ஓர் அலுமினிய வளையத்தில் பூட்டி, உச்சந்தலைக்கு மேல் ஒரு பட்டையை இழுத்துக் கட்டுவோம். கடித்துக்கொண்டு படுத்தால் தலை நேற்று இருந்த இடத்தில் இன்றும் இருக்கும். இருக்க வேண்டும். இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் குச்சி. துளைகள் போட்ட பிளாஸ்டிக் குல்லா ஒன்றைத் தலைமேல் கவிழ்த்து, ஒவ்வொரு துளை வழியாகவும் அளவுக்கோடு போட்ட குச்சியை விட்டு, தலையைத் தொடும்வரை எவ்வளவு தூரம் என்று எழுதுவோம். முதல் நாள் எண்களோடு ஒப்பிடுவோம். வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டருக்குள் இருந்தால் கதிர். தாண்டினால் கழற்று, மறுபடி மாட்டு.

அந்தப் பிரேம் வெளிநாட்டுச் சரக்கு இல்லை. கதிரின் அளவைக் கணக்கிடும் எங்கள் இயற்பியலாளர் ஒரு புகைப்படத்தைப் பார்த்துக் காகிதத்தில் வரைந்தது. நாற்பது தாண்டியும் கல்யாணம் செய்துகொள்ளாமல் கால்குலேட்டரோடு குடித்தனம் நடத்தியவர். நாங்கள் அவரை சார் என்று மட்டுமே கூப்பிட்டோம், இங்கேயும் சாராகவே இருக்கட்டும். அவருடைய காகிதத்தை உலோகமாக்கியவர் மரியதாஸ். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே ஒரு லேத் போட்டுச் சொந்தப் பட்டறை வைத்திருந்தவர். சார் கேட்ட துல்லியத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டு, அதைவிடத் துல்லியமாகக் கடைந்து கொடுத்தார்.

நான் டெக்னீஷியன். மாட்டுவதும், அளப்பதும், எழுதுவதும் என் வேலை. எனக்கும் அப்போது கல்யாணமாகவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு தெரியும்.

சொர்ணம் அக்கா ஒரு திங்கட்கிழமை வந்தார். ஆவடியில் ராணுவச் சீருடை தைக்கும் வேலை. கணவருக்கும் அதே தொழிற்சாலை, அங்கேயே குடியிருப்பில் வீடு, சொந்த ஊர் தென்காசிப் பக்கம். கட்டி அவருடைய இடது கண்ணின் பார்வையை முன்பே தின்றுவிட்டிருந்தது. மூக்கு வழியாகப் போய் எடுக்க முடிந்த மட்டும் எடுத்துவிட்டு, மிச்சத்தைக் கதிருக்கு என்று எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். அந்த மிச்சம் வலது கண்ணின் நரம்பை ஒட்டிக்கொண்டிருந்தது. “இந்த ஒத்தக் கண்ணை வச்சுதான் தம்பி ஊசி கோக்குதேன்” என்றார். அதைச் சொல்லும்போது வலது கண்ணைத் தொடவில்லை. தொட்டால் கலைந்துவிடும் என்பதுபோல விரலைக் கொஞ்சம் தள்ளியே நிறுத்தினார்.

பல் அச்சு எடுத்து முடித்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு, “கல்யாண வீட்டுப் பீடா மாதிரிதான் இருக்கு. நாக்கு மட்டும் செவக்கல” என்றார். பிறகு பின்மண்டை மெத்தை. எண்ணெய் தடவிப் படியப் படிய வாரி, பின்னிப் போட்ட தலை. பின்னலை ஒரு பக்கமாக ஒதுக்கச் சொல்லி மாவை வைத்து அமுக்கினோம். இறுகியது. பிரேமோடேயே ஸ்கேன் எடுத்தோம், முதல் எண்களைக் குறித்தோம். வாயில் பிரேம் இருக்கும்போது பேச முடியாது என்பதால் ஓர் ஏற்பாடு: எல்லாம் சரி என்றால் ஒரு விரல், நிறுத்து என்றால் முழுக் கை.

மறுவாரம் புதன்கிழமை சிகிச்சை தொடங்கியது. புதன் சரி. வியாழன் சரி. எண்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியதுபோல உட்கார்ந்தன. சார் ஒருமுறை சிரித்தார்கூட.

வெள்ளிக்கிழமை நெற்றிப் பக்கத்துத் துளைகளில் மூன்று மில்லிமீட்டர் குறைந்தது.

கழற்றினேன், மாட்டினேன். மூன்று. பட்டையை இறுக்கினேன். இரண்டரை. மறுபடி கழற்றினேன். மூன்று. தலை குனிந்திருக்கிறது என்று எண்கள் சொல்கின்றன, குனிய இடமே இல்லையே என்று பிரேம் சொல்கிறது. மறுபடி வை என்று சொல்லிவிட்டு, தொலைபேசி அழைப்பு என்று யாரோ கூப்பிட, சார் வெளியே போனார். அறையில் நானும் அக்காவும். வாயில் பிரேமோடு, கண்ணை மூடிக்கொண்டு, கையை வயிற்றின்மேல் வைத்து, ஒரு விரலை மட்டும் நீட்டியபடி படுத்திருந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலே சரி, சரி என்று அந்த விரல் சொல்லிக்கொண்டிருந்தது.

குச்சியை விட்டேன். தொட்டது. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். தோல் இடம் கொடுத்தது, முடி இடம் கொடுத்தது, எண் ஏறியது, வித்தியாசம் சுருங்கியது. ஒன்றரை. அடுத்த துளை. ஒன்றரை.

பொய் எழுதவில்லை, குச்சியில் பார்த்ததைத்தான் எழுதினேன். இந்த வாக்கியத்தை எத்தனை முறை எனக்கு நானே சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. சார் திரும்பி வந்து, வந்துவிட்டதா என்று கேட்டார். வந்துவிட்டது என்றேன். கதவை மூடிக் கதிரைத் திறந்தோம்.

திங்கள் சரியாக இருந்தது. அழுத்தாமலே சரியாக இருந்தது. வெள்ளிக்கிழமை நடந்தது கனவோ என்றுகூடத் தோன்றியது. செவ்வாய் மறுபடி மூன்று. மறுபடி என் கட்டைவிரல். இந்த முறை சார் பக்கத்திலேயே நின்றார். ஆனால் அவர் எண்களைப் பார்த்தார், என் கையைப் பார்க்கவில்லை.

புதன்கிழமை காலையில் அக்கா வந்தபோது நெற்றியில், குங்குமத்துக்கு இரண்டு பக்கமும், சிவப்பாக இரண்டு புள்ளிகள். யார் வைத்த பொட்டு என்று வீட்டுக்காரர் கேலி செய்கிறார் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அன்று எண்கள் சுத்தமாக இருந்தன. அக்கா போன பிறகு சார் கதவைச் சாத்திவிட்டு என் வலது கையைக் கேட்டார். கட்டைவிரல் நுனியில் குச்சியின் முனை பதிந்த பள்ளம் இன்னும் ஆறவில்லை. அவர் குச்சியைக் குல்லாத் துளை வழியாக விட்டுத் தன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். எண் மூன்று கோடு ஏறியது. விட்டார், இறங்கியது. மறுபடி அழுத்தினார். சிறு குழந்தை விளையாடுவதுபோல நாலைந்து முறை.

“நீ பொய் எழுதல” என்றார். “ஆனா உண்மையும் எழுதல. இப்ப நாம எங்க நிக்கறோம், சொல்லு.”

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் உண்மையாகவே கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. நான்கு நாள் சரியாக இருந்த தலை, இரண்டு நாள் மட்டும் ஏன் குனிகிறது? மெத்தை வெயிலில் இளகியதா? கட்டில் சாய்ந்ததா? அக்கா பயத்தில் பல்லைச் சரியாகக் கடிக்கவில்லையா? கடைசியில், இல்லாதவர்மேல் பழி போடுவது எளிது என்பதால், பிரேம் ஆடுகிறது என்று முடிவு செய்து மரியதாஸுக்குப் போன் செய்தோம்.

வெள்ளிக்கிழமை காலை மரியதாஸ் வந்தார். நுண்ணிய ஆட்டத்தைக் காட்டும் முள் கடிகாரம் ஒன்றைப் பழைய துணியில் குழந்தைபோலச் சுற்றி எடுத்து வந்திருந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

“இன்னா நைனா, என் பிரேம் ஆடுதாமே? போன்ல உங்க சாரு சொன்னதுலர்ந்து எனக்கு சோறு எறங்கல.”

ஆடுகிறதா என்று தெரியவில்லை அண்ணாத்தே, பார்க்கத்தான் கூப்பிட்டோம் என்றேன். அவர் பிரேமை மேசையில் பூட்டி, முள்ளை வைத்து, அசைத்தார், தட்டினார், தொங்கினார் என்றே சொல்லலாம். முள் தூங்கிக்கொண்டிருந்தது. “பாத்துக்கோ. ஒரு முடி அளவு ஆடல” என்று துணியை மடித்தார். போகவில்லை. குற்றம் தன்மேல் இல்லை என்று தெரிந்த பிறகு, யார்மேல் என்று தெரியாமல் அவரால் போக முடியவில்லை. கதவோரம் நின்றார்.

சொர்ணம் அக்கா வந்தார். தலைக்குக் குளித்து, நுனியில் மட்டும் முடிச்சுப் போட்ட ஈரமான தலை, அதில் ஒரு முழம் மல்லிகை. பூவை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் படுத்தார். அறை முழுக்கச் சீயக்காயும் சாம்பிராணியும் புதினாவும். பிரேமை மாட்டினேன். குச்சியை விட்டேன், இந்த முறை தொட்டதும் நிறுத்தினேன். மூன்று. மறுபடி. மூன்று.

மரியதாஸ் என் சட்டைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். பெண்கள் காதில் விழக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அன்னிக்கு அச்சு எடுக்க சொல்ல, அந்தம்மா தல இப்டிதான் இருந்துச்சா? இப்டி பொசுபொசுன்னு?”

நினைவில்லை என்றேன். உண்மையிலேயே நினைவில்லை. ஒரு தலையை நான் அங்குலம் அங்குலமாக அளந்திருந்தேன், பார்த்ததே இல்லை.

“பட்டறைல, இறுக்கிப் புடிக்கிற வைஸ்ல கடையிற ஜாப வைக்க சொல்ல, அடியில ஒரு இரும்புச் சுருளு மாட்டிக்கினா இன்னா ஆவும்? ஜாபு தூக்கிக்கும். தொடச்சிட்டு வைக்கணும். அத்த வுட்டுட்டு வைஸ திட்டிகினு இருந்தா? எங்க ஊட்ல சனிக்கெழம தலைக்கு ஊத்திக்குவாங்கோ, ஞாயித்துக்கெழம பூசைக்கி. அன்னிக்கி எங்க ஊட்டம்மா தல ரெண்டு பங்கு இருக்கும் நைனா.”

உள்ளே போய்ச் சாரிடம் சொன்னேன். அவர் கோப்பைத் திறந்து, எண்கள் குறைந்த நாட்களின் தேதிகளுக்குப் பக்கத்தில் கிழமைகளை எழுதினார். வெள்ளி. செவ்வாய். வெள்ளி. அச்சு எடுத்த திங்கட்கிழமை எண்ணெய் வைத்துப் படிந்திருந்த முடி, கழுவிய நாட்களில் மெத்தைக்கும் மண்டைக்கும் நடுவே உப்பிக்கொண்டு பின்மண்டையை முன்னே தள்ளியிருக்கிறது. பல் ஓரிடத்தில் பிடித்திருக்க, தலை குனிந்திருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் பெண்கள் தலைக்குக் குளிக்கும் நாள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். கல்யாணமாகாத இரண்டு ஆண்பிள்ளைகளுக்கு அந்த அறைக்குள் மட்டும் தெரியவில்லை. எங்கள் பிரிவு சிஸ்டரிடம் சார் கேட்டார், அந்த அம்மா வாரத்தில் இரண்டு நாள் தலைக்குக் குளித்துவிட்டு வருவது உங்களுக்குத் தெரியுமா என்று. தெரியும் என்றார் சிஸ்டர். “நீங்க கேக்கலையே சார்.”

இதுவரை நடந்தது துப்பறியும் கதை. இதற்குப் பிறகு நடந்ததுதான் உங்களுக்கு.

சிஸ்டர் தேங்காய் எண்ணெய் கொண்டு வந்தார். அக்காவை எழுப்பி உட்காரவைத்து, காரணம் சொல்லாமலே தலையில் எண்ணெய் வைத்து, படிய வாரி, பின்னினார்கள். மாட்டினோம். வித்தியாசம் இறங்கியது. சில துளைகளில் ஒன்று, சில துளைகளில் இரண்டுக்குச் சற்று மேலே. அதற்குள் எங்கள் பிரிவு மருத்துவர் வந்துவிட்டார். ஏன் இவ்வளவு நேரம், வெளியே வரிசை நிற்கிறது, காரணம் கிடைத்துவிட்டதல்லவா, எண்ணும் வந்துவிட்டது, கொடுத்துவிடலாமே என்றார். நியாயமாகத்தான் இருந்தது. நான் சாரைப் பார்த்தேன். சார் குச்சியை என்னிடம் நீட்டினார், அந்த இரண்டுக்கு மேலே இருந்த துளையை மறுபடி அளக்கச் சொல்லி.

என் கை போனது. துளைக்குள் குச்சியை விட்டேன். தொட்டதா, இன்னும் தொடவில்லையா? இது தோலா, எண்ணெய் வைத்த ஈர முடியா? என் கட்டைவிரலில் அந்தப் பள்ளம் லேசாக வலித்தது. ஊரே அந்த ஒரு எண்ணுக்காகக் காத்திருப்பதுபோல இருந்தது. அறையில் ஆறு பேர்தான் இருந்தோம்.

குச்சியை வெளியே எடுத்துவிட்டேன். என்னால் அளக்க முடியவில்லை சார் என்றேன். அவ்வளவுதான் சொல்ல வந்தது. காரணம் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

சார் மருத்துவரிடம் திரும்பினார். “இன்னிக்கு இந்த நம்பர் நம்ம எல்லாருக்கும் வேணும். வேணும்னு தவிக்கிற நேரத்துல அளக்கக் கூடாது டாக்டர். இன்னிக்கு வேண்டாம்.”

மருத்துவர் கோபமாகத்தான் போனார். பிரேமைக் கழற்றினோம். அக்கா எழுந்து உட்கார்ந்தார். நெற்றியில் எண்ணெய் வழிந்திருந்தது. இன்று சிகிச்சை இல்லை என்று சார் சொன்னார். ஏன் என்று சொல்லும்போது அவருடைய தமிழ் தடுமாறியது. கூந்தல் என்றார், பிறகு தலை என்றார், பிறகு அளவு என்றார்.

“இன்னைக்கு இல்லன்னா சொல்லுதீங்க? லீவு ஒண்ணொண்ணாத் தீந்துக்கிட்டு இருக்கு. நான் என்ன செஞ்சேன்?”

தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்ததுதான் அக்கா, என்றேன் நான்.

அவருக்கு அது புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்தபோது முகம் கோபமாக மாறவில்லை. கலைந்தது. செவ்வாயும் வெள்ளியும் விடியற்காலையில் தலைக்குக் குளித்து, பஸ் மாறி மாங்காட்டு அம்மன் கோயிலுக்குப் போய், எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிட்டுவிட்டு, அங்கிருந்துதான் எங்களிடம் வந்திருக்கிறார். ஆறு வாரம் வேண்டுதல். வலது கண்ணுக்கு. கையிலிருந்த பையில் அன்றைய பழம் இருந்தது. அதை எடுத்துப் பார்த்தார், திரும்ப வைத்தார்.

“மொதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா குளிக்காம வந்திருப்பேன்லா” என்றார். பிறகு அவரே, “அழுக்குத் தலையோட அம்மன்கிட்ட எப்படிப் போவ?” என்றார். இரண்டு கேள்வியும் எங்களிடமா, தன்னிடமா என்று தெரியவில்லை. மரியதாஸ் கதவோரம் நின்று தலையைச் சொறிந்துகொண்டே, “அம்மா, காலைல இங்க, சாயங்காலம் அங்க. குளிச்சிட்டு நேரா சாமிகிட்ட. மாத்திப் போட்டா எல்லாம் சரியாப் பூடும்மா” என்றார்.

மாற்றிப் போட்டோம். காலை முதல் ஆளாக, எண்ணெய் வைத்துப் பின்னிய தலையோடு இங்கே. குளியலும் கோயிலும் மாலையில். வித்தியாசம் அதன்பிறகு ஒருநாளும் ஒன்றரையைத் தாண்டவில்லை. குச்சியின் பின்முனையில் மரியதாஸ் ஒரு சிறு சுருள்வில் வைத்துக் கொடுத்தார். குறிப்பிட்ட அளவுக்கு மேல் அழுத்தினால் அது மடங்கிக்கொள்ளும். யாருடைய கட்டைவிரலுக்காக என்று அவர் கேட்கவில்லை.

ஆனால் அந்த இரண்டு நாட்கள்? முதல் வெள்ளியும், செவ்வாயும்? சார் நாலைந்து நாள் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தார். தலை குனிந்திருந்தால் கதிர் நரம்பை விட்டு விலகியிருக்கும் என்றார் ஒருநாள். பட்டையை இறுக்கியதில் பக்கவாட்டில் திரும்பியிருந்தால் நரம்பின்மேலேயே போயிருக்கும் என்றார் மறுநாள். எவ்வளவு இறுக்கினாய் என்று கேட்டார். எவ்வளவு அழுத்தினாய் என்று கேட்டார். என்னிடம் எண் இல்லை. எழுதியிருந்த எண் என் விருப்பம், அளவு இல்லை. கடைசியில் காகிதத்தை நான்காக மடித்துக் கோப்பில் வைத்துவிட்டு, “தெரியாது. தெரியாதுன்னே எழுதி வைக்கிறேன்” என்றார். அவர் அப்படியே எழுதினார். அவரிடம் நான் கற்றது என்று ஒன்று உண்டென்றால் அந்த ஒரு வரிதான். அதை எழுதுவதற்கு அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதைப் பார்த்தேன், அதுவும்.

நோயாளியிடம் சொல்ல வேண்டுமா? சொல்லி என்ன ஆகப்போகிறது, பயந்துவிடுவார் என்றார் மருத்துவர். சார், சொல் என்றும் சொல்லமாட்டேன், சொல்லாதே என்றும் சொல்லமாட்டேன் என்றார். கோபம் வந்தது அவர்மேல். இன்று நினைத்தால், அவரும் என்னைப்போலவேதான் நின்றிருக்கிறார்.

நீங்கள் சிரிக்கலாம், எங்களிடம் குச்சி இல்லையே என்று. நான் கடைசி வருடத்தில் உங்கள் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். திரையில் பச்சை வரும்வரை நோயாளியின் தோளை இப்படித் தள்ளி, அப்படித் தள்ளி, பச்சை வந்த கணத்தில் சட்டென்று வெளியே ஓடி வருகிறீர்களே, அது கட்டைவிரல். எண் ஏன் மாறியது என்று கேட்காமல் எண்ணை வரவழைப்பது. பச்சை வந்த பிறகு ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். அந்த மனிதர் இன்று நேற்றைப்போலத்தான் இருக்கிறாரா என்று பாருங்கள். சவரம் செய்திருக்கிறாரா, அழுதிருக்கிறாரா, குளித்திருக்கிறாரா. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதற்கு மேல் கேட்டால் எனக்கும் குழப்பம்தான்.

சொர்ணம் அக்காவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. பிந்தைய பரிசோதனைகள் அவரை அனுப்பிய நகரத்து மருத்துவமனையில். அங்கிருந்து எங்களுக்கு ஒரு கடிதமும் வரவில்லை. நான் இரண்டு முறை எழுதிக் கேட்டேன். ஒருமுறை ஆவடிக்கே போனேன். கணவருக்கு வெளியூர் மாற்றலாகிவிட்டது, வீட்டில் வேறு குடும்பம். கொடியில் சீருடைத் துணி காய்ந்துகொண்டிருந்தது. திரும்பி வந்துவிட்டேன். அதன்பிறகு அந்த மருத்துவமனையிலும், பிறகு சேர்ந்த இடங்களிலும், ஓய்வு பெறும்வரை, அச்சு அறையின் கதவைத் தட்டினால் நான்தான் போய்த் திறப்பேன். உட்காருங்கள் சார், நாங்கள் திறக்கிறோம் என்று உங்களில் சிலர்கூடச் சொல்லியிருக்கிறீர்கள். நான் ஏன் விடவில்லை என்று இப்போது சொல்லிவிடுகிறேன்.

கடைசி நாள் அது. கதிர் முடிந்தது. பிரேமைக் கழற்றி, மெத்தையைத் துடைத்து, பல் அச்சை அவர் கையிலேயே கொடுத்தேன். அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்று கேட்டுச் சிரித்தார். சார் கைகூப்பிவிட்டு உள்ளே போய்விட்டார். வாசலில் நானும் அவரும். பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. இரண்டு நாள் குச்சியை அழுத்திப் பிடித்தேன் அக்கா என்றேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. சொன்னேன், முழுவதும். நெற்றியில் இருந்த சிவப்புப் புள்ளிகளைச் சொன்னேன். அந்த இரண்டு நாள் கதிர் எங்கே விழுந்தது என்று யாருக்கும் தெரியாது என்பதையும் சொன்னேன்.

அவர் சாலைப் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார், “ரெண்டு தையல் தப்பாப் போனா நாங்க பிரிச்சுத் தச்சிருவோம். இதைப் பிரிக்க முடியாது, என்ன?”

முடியாது அக்கா என்றேன்.

பஸ் தூரத்தில் தெரிந்தது. எந்தத் தடம் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தினார். முழுக் கை. நிறுத்து. இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் அந்தப் பஸ்ஸின் நெற்றியை உற்றுப் பார்த்து, எண்ணைத் தானே மெதுவாக வாய்விட்டுப் படித்தார். சரியாகப் படித்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“கண்ணு நல்லா இருந்தா நான் மாங்காட்டுக்குப் போவேன். மங்கிப் போச்சுன்னா இங்கதான் வருவேன் தம்பி. அப்ப வேற ஆளை அனுப்பக் கூடாது. நீங்கதான் கதவைத் தெறக்கணும்.”